எடிசன் போகும் அப்பா அம்மா: ஒரே மூச்சில் ஆறு மாதமா, இரண்டு மாதம் போதுமா?

செம்பூர்வாசி:
அப்பாவுக்கு 69, சர்க்கரையும் பிபியும் உண்டு. அம்மாவுக்கு 64, முழங்கால் தேய்மானம், படி ஏற முடியாது. இரண்டு பேருக்கும் அமெரிக்க பி1/பி2 (பார்வையாளர்) விசா கைக்கு வந்துவிட்டது. தங்கை குடும்பம் நியூ ஜெர்சியில், எடிசனில். பேத்திக்கு நாலு வயது. தங்கையும் மாப்பிள்ளையும் காலையில் ஆபீஸ் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். ஆறு மாதம் வந்து இருங்கள் என்று தங்கை பிடிவாதமாகச் சொல்கிறாள். இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது என்கிறார் அப்பா. அவர் ரயில்வே பென்ஷன்காரர். போகிற இடத்தில் நாலு ஊர் பார்க்கவும் ஆசை இருக்கிறது. எது சரி, காரணத்தோடு சொல்லுங்கள்.

மாட்டுங்கா மாமி:
ஆறு மாசம்தான். இரண்டு மாசத்துக்குப் போவது டிக்கெட் காசுக்கே கட்டாது. மும்பைக்கும் நியூ ஜெர்சிக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் உடம்பு சரிக்கட்டும். போனதும் ஒரு வாரம், பத்து நாள் தூக்கத்தில் போய்விடும். திரும்பி வருவது கிழக்கே பயணம், அது இன்னும் மெதுவாகத்தான் சரியாகும். எட்டு வாரத்தில் இதையெல்லாம் கழித்தால் மிச்சம் என்ன? நாலு வயசுக் குழந்தை தாத்தா பாட்டியிடம் ஒட்டிக்கொள்ளவே சில வாரம் ஆகும். ஒட்டிக்கொண்ட நேரத்தில் பெட்டி கட்டச் சொல்கிறீர்களா?

ஏப்ரல் நடுவில் கிளம்பி அக்டோபர் நடுவில் திரும்பட்டும். பனியும் இல்லை, இலை நிறம் மாறுவதையும் பார்த்துவிடலாம். பள்ளி விடுமுறைக் கூட்டம் ஜூன் கடைசியில்தான் தொடங்கும், அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

டோம்பிவிலி ரகு:
மாமி, ஆறு மாசம் என்று நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது. விசா பத்து வருஷத்துக்கு இருக்கலாம். அது வாசல் வரை போக அனுமதி, அவ்வளவுதான். எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் இருக்கும் அதிகாரி முடிவு செய்வார். அதுதான் ஐ-94 பதிவு. வழக்கமாக ஆறு மாசம் தருவார்கள், குறைத்துத் தரவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆறு மாசம் இருந்து, ஊருக்கு வந்து இரண்டு மாசத்தில் மறுபடி போய் நின்றால், இவர்கள் பார்க்க வருகிறார்களா, குடியிருக்க வருகிறார்களா என்று கட்டாயம் கேள்வி வரும். அந்தப் பயணத்தில் ஒரு மாசமோ இரண்டு மாசமோதான் கிடைக்கலாம்.

அதனால் இப்போது இரண்டு மாசம், அடுத்த வருஷம் இரண்டு மாசம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. விசா நீண்ட நாளைக்கு இருக்கிறதே, அவசரம் என்ன? சர்க்கரை, பிபி உள்ள 69 வயசுக்காரரை அவருடைய டாக்டரிடமிருந்து அரை வருஷம் பிரித்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாட்டுங்கா மாமி:
டாக்டரிடம் வீடியோவில் பேசலாம். மாத்திரையை ஆறு மாசத்துக்கு வாங்கிப் பெட்டியில் வைத்தால் போச்சு.

வாஷி மருந்தாளர்:
மாமி, மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சொந்த உபயோகத்துக்கு 90 நாள் மருந்துக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏவின் பொது வழிகாட்டுதல். அதற்கு மேல் தங்குகிறவருக்கு மீதியைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்ப அதே எஃப்டிஏ வழி வைத்திருக்கிறது. பார்சலுக்குள் விசா நகல், பாஸ்போர்ட் நகல், டாக்டர் கடிதம் அல்லது பிரிஸ்கிரிப்ஷன் நகல் இருக்க வேண்டும். கஸ்டம்ஸில் தங்கினால் நாள் இழுக்கும். கையில் நாலு வார மருந்து மிச்சம் இருக்கும்போதே இங்கிருந்து அனுப்பிவிட வேண்டும், தீர்ந்த பிறகு அல்ல.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இங்கே சர்க்கரைக்குத் தாராளமாக எழுதித் தரும் வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், கிளிக்லசைடு மூன்றும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகள் அல்ல. பிபிக்குக் கொடுக்கும் சில்னிடிபினும் அப்படித்தான். பெட்டி தொலைந்தால் அங்கே எந்தக் கடையிலும் அதே மாத்திரை கிடைக்காது. அங்குள்ள டாக்டரைப் பார்த்து வேறு மருந்துக்கு மாற வேண்டும், அந்தச் செலவு கையிலிருந்துதான். மெட்ஃபார்மின், அம்லோடிபின், டெல்மிசார்டன் என்றால் அங்கேயும் உண்டு, சீட்டு மட்டும் வேண்டும். ஆகவே அப்பாவின் பிரிஸ்கிரிப்ஷனை இப்போதே எடுத்துப் பாருங்கள். இங்கே கிடைத்து அங்கே கிடைக்காத மருந்து இருந்தால், அங்கே எதற்கு மாறலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

கடிதத்தில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. மூலப்பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை என்று இருக்க வேண்டும். மாத்திரையை ஸ்டிரிப்போடு எடுத்துப் போங்கள், டப்பாவில் கொட்டி வைக்க வேண்டாம். முழுவதும் கைப்பையில். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் கண்டிப்பாகக் கைப்பைதான். விமானத்தின் அடிப்பகுதியில் உறைந்துபோனால் மருந்தின் வீரியம் போய்விடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

டோம்பிவிலி ரகு:
நான் சொல்ல வந்ததை மருந்தாளர் அண்ணா தெளிவாக்கிவிட்டார். 90 நாளுக்குள் திரும்பினால் இந்தக் கூரியர் தொல்லையே இல்லை. இப்போது இன்ஷூரன்ஸ். இங்கே எடுக்கும் பாலிசியில் பிரீமியம் குறைவு. ஆனால் பலவற்றில் 60 வயசுக்கு மேல் அறை வாடகை, அறுவை சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உச்சவரம்பு இருக்கும். மேலே எழுதியிருக்கும் லட்சம் டாலரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

அங்கே தங்கை எடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகை கட்டிய ஃபிக்ஸட் பெனிஃபிட் வேண்டாம், பில்லில் பெரும்பங்கைக் கொடுக்கும் காம்ப்ரிஹென்சிவ் எடுக்கட்டும். ஒரு மாதிரிக் கணக்கு: டிடக்டிபிள், அதாவது முதலில் நாம் கட்டுவது, 250 டாலர், அதற்குப் பிறகு முதல் 5,000 டாலருக்கு 80 சதம் கம்பெனி, 20 சதம் நாம், அதற்கு மேல் முழுவதும் கம்பெனி. அப்படியென்றால் கம்பெனியோடு ஒப்பந்தமுள்ள நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் நம் கைச்செலவு 250-ம் 1,000-மும் சேர்ந்து 1,250 டாலரில் நிற்கும். ஃபிக்ஸட்டில் இந்த எல்லை கிடையாது. அவர்கள் இவ்வளவுதான் என்று எழுதியதைக் கொடுப்பார்கள், பில்லில் மீதி எவ்வளவு வந்தாலும் நம் தலையில்.

சர்க்கரை, பிபி ஏற்கனவே இருப்பதால் "அக்யூட் ஆன்செட்" என்ற வரியைப் பாலிசியில் தேடுங்கள். பழைய நோய் முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று முற்றி, பாலிசி சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் 24 மணி, சிகிச்சைக்குப் போனால் மட்டுமே பணம் கிடைக்கும். சர்க்கரை மெல்ல ஏறிக்கொண்டே போனால் அது இதில் வராது. வழக்கமான ரத்தப் பரிசோதனையும் வராது. பல திட்டங்களில் 70 வயசில் இதற்குக் கொடுக்கும் தொகையின் வரம்பு தடாலென்று இறங்குகிறது. அப்பாவுக்கு 69. பிறந்தநாள் எப்போது என்று பார்த்து, பாலிசி தொடங்கும் தேதியைப் போடுங்கள்.

மாட்டுங்கா மாமி:
ரகு, நீங்கள் சொன்னதில் ஒன்றுகூட இரண்டு மாசத்துக்கு ஆதரவான வாதம் இல்லை. இன்ஷூரன்ஸ் இரண்டு மாசத்துக்கும் வேண்டும், ஆறு மாசத்துக்கும் வேண்டும். மருந்தை அனுப்ப வழி இருக்கிறது என்று மருந்தாளரே சொல்லிவிட்டார். வருஷா வருஷம் இரண்டு மாசம் என்றால், 69 வயசில் 16 மணி நேரம் உட்கார்ந்து போவது வருஷத்துக்கு இரண்டு முறை ஆகிறது. உடம்பை அதிகம் வருத்துவது எது, யோசித்துப் பாருங்கள். அடுத்த வருஷம் முழங்கால் இதைவிட மோசமாகலாம். போக முடிகிற காலத்தில் நிறைவாக இருந்துவிட்டு வரட்டும்.

ஆண்டாப் ஹில் செல்வம்:
இரண்டு பக்கமும் நாள் கணக்கையே பேசுகிறீர்கள். தங்கை வீடு எடிசனில் எந்தப் பக்கம்? எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஓக் ட்ரீ ரோடு நடக்கிற தூரத்தில் இருந்தால் மளிகைக் கடை, காய்கறி, நம் ஆட்கள் என்று பகல் ஓடிவிடும். உள்ளே தள்ளி இருக்கும் டெவலப்மென்ட் (வீடுகள் மட்டும் உள்ள குடியிருப்பு) என்றால், கார் ஓட்டத் தெரியாத இரண்டு பேர் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். செம்பூரில் கீழே இறங்கினால் பூக்காரரிலிருந்து கோயில் வரை பேச்சுத்துணை இருக்கும். அங்கே தெருவில் ஆளே தெரியாது. அந்த வீட்டில் ஆறு மாசம் என்றால் அப்பா மூன்றாவது வாரமே டிக்கெட்டை மாற்றச் சொல்வார்.

ஆகவே முதலில் அவர்கள் தாங்களாகவே போய்வரக்கூடிய இடங்களை அமைத்துக் கொடுங்கள். எடிசன் ஸ்டேஷனிலிருந்து நியூயார்க் பென் ஸ்டேஷனுக்கு நியூ ஜெர்சி டிரான்சிட் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். 62 வயசுக்கு மேல் சலுகைக் கட்டணம் உண்டு, வயசுக்கு அத்தாட்சி காட்ட வேண்டும். பென் ஸ்டேஷனிலேயே லாங் ஐலண்ட் ரயில்ரோடு மாறி, போர்ட் வாஷிங்டன் தடத்தில் ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட் இறங்கினால் 1977-ல் கும்பாபிஷேகம் ஆன பிள்ளையார் கோயில். ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், அம்மாவுக்கு டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். கீழே கேன்டீனில் தோசை. தங்கை ஒருமுறை கூட வந்து காட்டினால், அடுத்த முறை அவர்களே போய்விட்டு வருவார்கள்.

சுதந்திர தேவி சிலைக்கு நியூயார்க் வரை போக வேண்டாம். ஜெர்சி சிட்டியில் லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கிலிருந்தும் படகு இருக்கிறது. பீடம் வரை லிஃப்ட். கிரீடத்துக்குக் குறுகலான 162 படி, அம்மாவுக்கு அந்த டிக்கெட் எடுக்காதீர்கள்.

நயாகரா காரில் ஏழு மணி நேரம் ஆகும், வழியில் ஒரு ராத்திரி தங்குங்கள். அப்பா அம்மா கனடா விசா எடுக்காவிட்டால் பாலம் தாண்ட முடியாது. அமெரிக்கக் கரையிலிருந்தே மெய்ட் ஆஃப் தி மிஸ்ட் படகு போகிறது, குளிர்காலத்தில் ஓடாது.

டோம்பிவிலி ரகு:
செல்வம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் என்று திட்டம் போட்டால் செலவு ஏறியிருக்கிறது. 2026 ஜனவரி முதல் பெயர்பெற்ற 11 தேசியப் பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு நுழைவுக் கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதல், அல்லது 250 டாலரில் ஆண்டு பாஸ். சீனியர் பாஸ் அங்குள்ள குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான்.

வீட்டின் இருப்பிடம்தான் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் முதல் பயணம் சிறியதாக இருக்கட்டும் என்கிறேன். பிடித்தால் அடுத்தது நீளட்டும்.

மாட்டுங்கா மாமி:
திரும்பும் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட் எடுத்தால் முதல் பயணத்திலேயே அது தெரிந்துவிடும். மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமும் எவ்வளவு என்று வாங்கும்போதே கேளுங்கள்.

பென்ஷன் பற்றி யாரும் பேசவில்லையே. உயிர்ச்சான்று நவம்பரில் கொடுக்க வேண்டும், தவறினால் பென்ஷன் நிற்கும். நான் சொன்ன ஏப்ரல்-அக்டோபர் கணக்கில் அந்தப் பிரச்சினை வராது. செப்டம்பரில் போகிறவர்கள் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வழியை இங்கேயே ஒருமுறை பார்த்துப் பழகட்டும், இல்லாவிட்டால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகம். எதற்கும் ஓடிபி வரும். கிளம்பும் முன் மும்பை நம்பருக்கு இன்டர்நேஷனல் ரோமிங்கை இயக்கி, சிம் சாகாமல் இருக்க ரீசார்ஜ் போட்டுவிடுங்கள்.

பெட்டிக்குள் பாசத்தில் எதையும் திணிக்காதீர்கள். கறிவேப்பிலை கூடாது, அதில் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி வரும். அரிசி, முழுத் தனியா, சீரகம், பருப்பு வகையும் இந்தியாவிலிருந்து பெட்டியில் போகக் கூடாது, தானியத்தை அழிக்கும் காப்ரா வண்டு பயம். கொப்பரையை மும்பை விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள், எண்ணெய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. வறுத்து அரைத்த சாம்பார் பொடி எடுத்துப் போகலாம். சாப்பிடும் பொருள் எதுவாக இருந்தாலும் ஆம் என்று அறிவித்துவிடுங்கள். அறிவித்தது கூடாததாக இருந்தால் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள், மறைத்தால்தான் அபராதம்.

செம்பூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. வீடு ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து பத்து நிமிட நடை. மே தொடக்கத்தில் கிளம்பி, 90 நாளுக்குள் திரும்புவதாகத் தேதி போட்டு, மாற்றக்கூடிய டிக்கெட் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். இன்னொரு சந்தேகம். அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. விசாவில் அவர் பெயர் சர்நேம் இடத்திலும், கிவன் நேம் இடத்தில் எஃப்என்யு என்றும் இருக்கிறது. தவறாக அடித்துவிட்டார்களா?

ஆண்டாப் ஹில் செல்வம்:
தவறில்லை தம்பி. எஃப்என்யு என்றால் முதல் பெயர் தெரியாது (First Name Unknown) என்று அர்த்தம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அமெரிக்கா அப்படித்தான் அடிக்கும். டிக்கெட் போடும்போது அந்த விமான நிறுவனம் ஒற்றைப் பெயரை எப்படி ஏற்கிறது என்று கேட்டு, விசாவோடு ஒத்துப்போகிற மாதிரி போடுங்கள். இப்போது அவசரப்பட்டுப் பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரிக்க வேண்டாம், விசாவும் பாஸ்போர்ட்டும் வேறு வேறாகிவிடும்.

அபுதாபி வழியாகப் போனால் ஒரு வசதி. அமெரிக்க இமிக்ரேஷன் அங்கேயே முடிந்துவிடும், நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். ஆனால் அங்கே இரண்டு நாள் தங்கி ஊர் பார்ப்பது அம்மாவுக்கு முடியாமல் போகலாம். 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலாவாக உள்ளே வருகிறவர்களை ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாடு ஏற்பதில்லை, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால்தான் விலக்கு.

வீல்சேர் கேட்கும்போது வீல்சேர் என்று மட்டும் சொல்லாதீர்கள். படி ஏற முடியாது, விமானத்துக்குள் சீட் வரை நடப்பார் என்றால் அதற்குக் குறியீடு டபிள்யூசிஎச்எஸ். டபிள்யூசிஎச்ஆர் என்று பதிந்துவிட்டால் படியில் ஏறுவார் என்று அர்த்தம், ஏணிப்படி வைத்து ஏற்றுகிற நாளில் கீழே நிற்க வேண்டிவரும்.

டோம்பிவிலி ரகு:
இறங்கிய மறுநாளே அமெரிக்க எல்லைக் காவல் துறையான சிபிபியின் தளத்தில் இரண்டு பேரின் ஐ-94-ஐயும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். அம்மாவுக்கு முதல் பெயர் கட்டத்தில் எஃப்என்யு என்று போட்டால்தான் பதிவு வரும். இருவருக்கும் தங்க அனுமதித்த கடைசித் தேதி ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, முந்திய தேதியை வைத்துத்தான் திரும்பும் டிக்கெட். மாமி சொல்கிற மாதிரி நீட்டித் தங்க நினைத்தால் அந்தத் தேதிக்குள் திரும்புகிற அளவுக்கு மட்டும் டிக்கெட்டை மாற்றுங்கள். அதையும் தாண்ட வேண்டிய நிலை வந்தால் தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 விண்ணப்பம் அந்தத் தேதிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும், 45 நாள் முன்னதாக அனுப்புவது உத்தமம். ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா செல்லாததாகிவிடும்.