இரண்டு வயதுக் குழந்தைக்கு விடாத இரவு இருமல்: என்ன பரிசோதனை தேவை?

கேள்வி (கானாடுகாத்தான்):
என் மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. நான்கு வாரங்களுக்கு மேலாக இரவில் இருமுகிறாள். பகலில் ஓரளவு குறைகிறது, காய்ச்சல் இல்லை. ஒரு விசேஷத்துக்காகப் பூட்டிக்கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து தங்கிய பிறகு தொடங்கியதால், தூசிதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். கடையில் கிடைக்கும் இருமல் மருந்தைக் கொடுக்கலாமா, பரிசோதனை தேவையா?

குழந்தை மருத்துவர், காரைக்குடி:
இருமல் மருந்து வேண்டாம், அம்மா. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாக அது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று மத்திய அரசே 2025 அக்டோபரில் அறிவுறுத்தியுள்ளது. நான்கு வாரங்களைத் தாண்டிய இருமலுக்குக் காரணத்தைத் தேடியாக வேண்டும். சளி கரகரக்கும் ஈர இருமல் என்றால் மூச்சுக்குழாயில் நீடித்த பாக்டீரியா தொற்று இருக்கலாம். அது பெரும்பாலும் இரண்டு வார ஆன்டிபயாடிக் மருந்தில் அடங்கிவிடும். வறட்டு இருமலுடன் இழுப்பும், குடும்பத்தில் ஆஸ்துமாவும் இருந்தால் அந்தத் திசையில் யோசிப்போம். ஆனால் ஐந்து வயதுக்குள் ஊதிப் பார்க்கும் பரிசோதனை சரியாக அமைவது அரிது என்பதால், இன்ஹேலரைச் சில வாரங்கள் கொடுத்துப் பலனைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். நெஞ்சு எக்ஸ்ரே அவசியம். எடை குறைந்துள்ளதா, வீட்டில் யாருக்கேனும் காசநோய் உண்டா என்பதையும் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, இருமல் சளிக்காய்ச்சலுக்குப் பின் மெல்லத் தொடங்கியதா, திடீரென்று தொடங்கியதா?

தேவகோட்டையிலிருந்து ஓர் அப்பத்தா:
மகளே, காரணம் எதுவானாலும் குழந்தை படுக்கும் அறையில் சாம்பிராணியும் கொசுவத்திச் சுருளும் வேண்டாம். பலகாரம் செய்யும் விறகடுப்புப் புகையும் முற்றத்தைத் தாண்டி உள்ளே வரும். எங்கள் பேரனுக்கு அதுவே இருமலைக் கூட்டியது.

கேட்டவர்:
ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது. விசேஷத்தன்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோது புரையேறி, முகம் சிவக்க இருமினாள். சற்று நேரத்தில் தெளிந்துவிட்டாள். அன்றிரவிலிருந்துதான் இந்த இருமல்.

குழந்தை மருத்துவர், காரைக்குடி:
அப்படியானால் தூசியை விடுங்கள். இன்றே மருத்துவரிடம் காட்டி, இந்த நிகழ்வையே முதலில் சொல்லுங்கள். கடலைத் துண்டு மூச்சுக்குழாயில் தங்கியிருந்தால் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது. படம் சரியாக இருப்பதாகத் தோன்றினாலும் சந்தேகம் தீராது. மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் கருவியைச் செலுத்திப் பார்ப்பதே உறுதியான வழி. துண்டு இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். அதற்கு மதுரைக்கு அனுப்ப நேரலாம், தயங்காதீர்கள். நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.