புதுப்பிப்பு: ரிசால்வ் ஸ்டூடியோ வாங்கலாமா?

டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதுமா, 295 டாலர் கொடுத்து அதன் கட்டணப் பதிப்பான ஸ்டூடியோ வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன். "உங்கள் சொந்த வீடியோவைப் போட்டுப் பாருங்கள்" என்றவர்களுக்கு மிக்க நன்றி. அதைத்தான் செய்தேன்.

வெட்டுவது, நிறம் திருத்துவது, ஒலி சரிசெய்வது எல்லாம் இலவசப் பதிப்பிலேயே தாராளமாக நடக்கிறது. 3840×2160 அளவு வரை, நொடிக்கு 60 ஃபிரேமில், வாட்டர்மார்க் இல்லாமல் எக்ஸ்போர்ட் ஆகிறது. யூடியூபுக்கு இது போதும்.

எனக்கு உறுத்தல், இரவுக் கச்சேரிப் பதிவுகளில் இருட்டான இடங்களில் மொய்க்கும் புள்ளிகள்தான். அதைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஸ்டூடியோவுக்கு மட்டும் உரியது. ஆனால் இலவசப் பதிப்பிலும் போட்டுப் பார்க்கலாம். படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும், அவ்வளவுதான். அதில் டெம்பரல் (அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டுப் புள்ளிகளை நீக்குவது) கொஞ்சம் கொடுத்தாலே நாகஸ்வரக்காரர் முகம் தெளிந்துவிடுகிறது. ஸ்பேஷியலை (ஒரே ஃபிரேமுக்குள் மழுப்புவது) கூட்டினால் தோல் மெழுகு பூசியது போல ஆகிவிடுகிறது, அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

லினக்ஸில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்கவும்: அங்கே இலவசப் பதிப்பு, பல கேமராக்களும் ஃபோன்களும் பதியும் ஹெச்.264 வகை வீடியோவைப் படிக்காது. முதலில் வேறு கோடெக்குக்கு (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) மாற்ற வேண்டும்.

சரி, ஸ்டூடியோ வாங்குகிறேன். மாதச் சந்தா இல்லை, ஒரே உரிமத்தை இரண்டு கணினிகளில் போடலாம். அப்புறம் தம்பி லேப்டாப்பிலும் வேலை ஓடும்.