மென் ரோபோ ஆய்வில் விலங்கியல் மாணவிக்கு என்ன இடம்?

கேள்வி (விலங்கியல் முதுகலை மாணவி)

வணக்கம். சிலிக்கோன் போன்ற நெகிழும் பொருள்களால் ஆன மென் ரோபோ ஒன்றைச் செய்யும் பணியில் சேருமாறு எங்கள் இயந்திரவியல் துறையினர் என்னை அழைத்திருக்கிறார்கள். விலங்கின் உடலமைப்பை விளக்கிச் சொல்வதோடு என் பங்கு முடிந்துவிடுமோ என்று தயங்குகிறேன். இத்தகைய கூட்டாய்வால் பொறியியலுக்கு வெளியே உள்ள துறைகளுக்கும் புதிய அறிவு கிடைத்ததுண்டா?

தொல்லுயிரியல் வாசகர்

உண்டு. ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்த ப்ளூரோசிஸ்டிடிட் என்னும் உயிரி நட்சத்திர மீனுக்குத் தூரத்து உறவு; அதன் தட்டையான உடலின் பின்னால் வால் போன்ற ஒரு தண்டு இருந்தது. புதைபடிவம் வடிவத்தைக் காட்டுமே தவிர அசைவைக் காட்டாது. அதே உடலமைப்புள்ள விலங்கு இன்று இல்லாததால் ஒப்பிட்டு அறியவும் வழியில்லை. எனவே கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பொறியாளர்கள், லண்டன், ஸ்பெயின் ஆகிய இடங்களின் தொல்லுயிரியலாளர்களுடன் சேர்ந்து, மின்சாரத்தால் சூடேறும்போது சுருங்கும் நிட்டினால் என்னும் உலோகக்கலவைக் கம்பிகளைத் தசைகளாகக் கொண்ட மென் ரோபோவாக அதை மீட்டுருவாக்கி, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தண்டை அகலமாக வீசி உடலை முன்னே தள்ளுவதே பயனுள்ள நடை என்றும், தண்டு நீண்டால் கூடுதல் ஆற்றல் செலவின்றி வேகம் கூடும் என்றும் தெரியவந்தது. கேள்வி முழுக்க முழுக்கத் தொல்லுயிரியலாளருடையது என்பதைக் கவனியுங்கள்.

கடல் உயிரியல் ஆய்வாளர்

எங்கள் துறையிலும் தேவைதான் முதலில் வந்தது. ஆழ்கடல் ஊர்திகளின் உலோகக் கரங்கள் மென்மையான உயிரிகளை நசுக்கிவிடுகின்றன. கடல் உயிரியலாளர் டேவிட் குரூபர், ஹார்வர்டின் ராபர்ட் வுட் குழுவினருடன் சேர்ந்து உருவாக்கி 2019இல் வெளியிட்ட ஆறு விரல் பிடிப்பான், நீரழுத்தத்தால் வளைந்து ஜெல்லிமீனைச் சேதமின்றிப் பற்றுகிறது. கண்ணிமை கண்ணின் மீது தரும் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட அது தருவதில்லை. பிடித்துப் பார்த்துவிட்டு உயிரோடு விட்டுவிடலாம் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி!

தொல்லுயிரியல் வாசகர் சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ரோபோ காட்டுவது அந்த உடலால் எது இயன்றது என்பதையே. விலங்கு அப்படித்தான் நகர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது. அந்த வேறுபாட்டை விடாமல் நினைவூட்ட வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே வடிவமைப்பு முடிவாகும் முன்பே, எந்த உயிரியல் கேள்வியை இந்த ரோபோ சோதிக்கப்போகிறது என்பதைத் திட்ட அறிக்கையில் எழுதி வாங்கிவிடுங்கள்.

விலங்கியல் முதுகலை மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. கடல் அட்டையின் உடற்சுவர் சில நொடிகளில் விறைப்பதையும் தளர்வதையும் பற்றிப் படித்துவருகிறேன். அதன் இடப்பெயர்ச்சியில் இந்த மாற்றத்திற்கு எவ்வளவு பங்கு என்பதையே என் கேள்வியாக அவர்கள் முன் வைக்கப்போகிறேன்.