இரண்டாம் பருவம்: தினமும் வாசிப்பு நேரமா, ஸ்போக்கன் இங்கிலீஷா? எங்கள் ஊர் தொடக்கப் பள்ளி பற்றி

கரிசக்காட்டு அப்பா:

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. காலாண்டு விடுமுறை முடிந்து வரும் வாரம் திறக்கிறது. லீவுக்கு முன்னால் நடந்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு பாதிப் பேர் வரவில்லை, விதைப்பு நேரம், யாரையும் குறை சொல்ல முடியாது. அதனால் அங்கே பேசியதை இங்கே போடுகிறேன்.

திறக்கிற அன்றைக்கே இரண்டாம் பருவப் புத்தகமும் நோட்டும் கொடுத்துவிடுவார்கள். மேற்குப் பக்க அறை ஒழுகுகிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டைச் சரிசெய்யச் சொல்லி ஒன்றிய ஆபீசில் மனு கொடுத்திருக்கிறார் தலைமை ஆசிரியை. ஆண்டு விழா தை மாதம், பொங்கல் கழித்து. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை வந்தது வேறு விஷயத்துக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் முக்கால் மணி நேரம் வாசிப்புக்கு மட்டும் என்று டீச்சர் முடிவு செய்திருக்கிறார். வகுப்புவாரியாக இல்லை, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வாசிக்க வருகிறதோ அதன்படி குழு. சில பெற்றோர் அந்த நேரத்தை ஸ்போக்கன் இங்கிலீஷுக்குக் கொடுங்கள், ஆளுக்கு மாதம் நூற்றைம்பது ரூபாய் போட்டு வெளியிலிருந்து ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பள்ளிக்குள் பணம் வசூலிக்க முடியாது என்று டீச்சர் மறுத்துவிட்டார். நான் டீச்சர் பக்கம். மூன்றாம் வகுப்பு முடிக்கப்போகிற பிள்ளை ‘கிணற்றில்’ என்ற சொல்லை மூன்று முறை நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறது, அதற்கு மேல் எதைக் கட்டுவது?

தீப்பெட்டி ஆபீஸ் அம்மா:

அண்ணே, கூட்டத்தில் இங்கிலீஷ் கேட்டது நான்தான், சில பெற்றோர் என்று மறைக்க வேண்டாம்.

காலையில் ஏழரைக்கெல்லாம் நான் ஆபீசில் இருக்க வேண்டும். இப்போது காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைக்கிறது, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னை மாதிரிப் பெண்களுக்குத்தான் தெரியும், அதனால் அரசுப் பள்ளியை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். ஆனால் ஆபீஸ் வாசலில் எட்டு மணிக்கு டவுன் ஸ்கூல் வேன் வந்து நிற்கும்போது டையும் ஷூவுமாக ஏறுகிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. என் அண்ணன் மகள் ஒன்றாம் வகுப்புதான், வீட்டுக்கு யார் வந்தாலும் இங்கிலீஷில் பேர் சொல்லி, என்ன படிக்கிறேன் என்று சொல்கிறாள். என் மகன் மூன்றாம் வகுப்பு, வாயே திறக்க மாட்டேன் என்கிறான். தமிழ் நாம் வீட்டில் பேசுகிறோம், எப்படியும் வந்துவிடும். இங்கிலீஷுக்கு இந்தப் பள்ளியை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை. நூற்றைம்பது ரூபாய் எனக்கு ஒரு நாள் கூலிக்கும் கீழே, நான் கொடுக்கத் தயார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தங்கச்சி சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். பேசுகிற தமிழ் வந்துவிடும், வாசிக்கிற தமிழ் தானாக வராது. நாற்பது வருஷத்துக்குப் பக்கம் தொடக்கப் பள்ளியிலேயே இருந்தவன், நன்றாகப் பேசுகிற பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் ஒரு பத்தியை முடிக்க முடியாமல் நின்றதைப் பார்த்தவன்.

டீச்சர் செய்வது அவராகக் கண்டுபிடித்ததும் இல்லை. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோதே ஒன்று முதல் மூன்று வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறை வந்துவிட்டது, அடுத்த வருஷம் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததில் விட்டுப்போனதைப் பிடிக்கத்தான் அது. அப்புறம் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் கொடுத்தார்கள். பல பள்ளிகளில் அவை அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. இந்த டீச்சர் பூட்டைத் திறந்து தினமும் கையில் கொடுக்கிறேன் என்கிறார். அதற்குப் போய்த் தடை போடலாமா?

இன்னொன்று, அங்கே இருப்பது தலைமை ஆசிரியையையும் சேர்த்து இரண்டே பேர். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அறுபத்தொன்று ஆனால்தான் மூன்றாவது ஆள். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும்போது எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் கேட்டால் எதுவும் நடக்காது.

தீப்பெட்டி ஆபீஸ் அம்மா:

ஐயா, நீங்கள் சொன்ன கணக்கே எனக்குத்தான் சாதகம். நம் பள்ளியில் ஐம்பதுக்குள்தான் பிள்ளைகள். ஊரில் பிள்ளை இல்லாமல் இல்லை, எல்லாம் வேனில் போகிறது. ஏன் போகிறது? இங்கிலீஷ், அது ஒன்றுதான். இங்கேயும் இங்கிலீஷ் உண்டு என்று தெரிந்தால் திரும்பி வரும், அறுபத்தொன்று தாண்டும், மூன்றாவது டீச்சர் வருவார். வாசிப்பு நேரம் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் எந்த அம்மா வேனை நிறுத்துவாள்?

கரிசக்காட்டு அப்பா:

இங்கிலீஷ் மீடியம் போர்டு மாட்டினால் பிள்ளை வரும் என்பது புதுசு இல்லை தங்கச்சி. 2012-13லேயே அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். பக்கத்து ஊரில் ஒரு பள்ளியில் அப்படித்தான் பிரிவு வந்தது. அதே அறை, அதே டீச்சர், ஒரு பக்கம் தமிழ் வழிப் பிள்ளை, மறுபக்கம் ஆங்கில வழிப் பிள்ளை, ரெஜிஸ்டர் மட்டும் இரண்டு. வந்த பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் மறுபடியும் வேன் ஏறிவிட்டன. பேருக்கு ஒன்றை வைத்துப் பெற்றோரை ஏமாற்றுவதற்கு, இருப்பதை ஒழுங்காகச் செய்கிறேன் என்று சொல்கிற டீச்சர் எவ்வளவோ மேல்.

அப்புறம் அந்த நூற்றைம்பது ரூபாய். உங்களால் முடியும், சந்தோஷம். தெற்குத் தெருவில் மூன்று பிள்ளைகளை அனுப்புகிற வீடு இருக்கிறது, அவர்களுக்கு அது நானூற்றைம்பது. கொடுக்காத வீட்டுப் பிள்ளை அந்த நேரத்தில் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார வேண்டுமா? எட்டயபுரம் இங்கிருந்து கூப்பிடு தூரம், காமராஜர் 1956ல் மதிய உணவைத் தொடங்கி வைத்த ஊர். பணம் இல்லை என்று ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு விலகி நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்த வேலை அது. அதே பள்ளிக்குள் காசு கொடுத்தவன், கொடுக்காதவன் என்று பிரிப்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பழைய மாணவன்:

இதே பள்ளியில் ஐந்து வரை படித்தேன், இப்போது கோவையில் வேலை. இரண்டு பக்கமும் பேசாததை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா பயப்படுவது நியாயம்தான். பொறியியல் முதல் வருஷம் எனக்குப் பாடம் புரிந்தது, விடை தெரிந்தது, அதை இங்கிலீஷில் எழுத வரவில்லை, அவ்வளவுதான், அரியர். கேள்வி கேட்கக் கை தூக்கவே பயம். அந்தப் பயம் எவ்வளவு காலம் கூட வரும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதனால் ‘தாய்மொழி வந்தால் எல்லாம் வரும்’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள் ஐயா, எனக்கு அப்படி வரவில்லை.

ஆனால் அக்கா கேட்கிற ஸ்போக்கன் இங்கிலீஷும் எனக்கு உதவியிருக்காது. பேர் சொல்வதும் ரைம்ஸ் சொல்வதும் கேட்டு மனப்பாடம் செய்வது. நான் தடுக்கி விழுந்தது வாசிப்பதிலும் எழுதுவதிலும். அந்த வாசிப்பு நேரத்தில் வாரம் இரண்டு நாள் இங்கிலீஷ் கதைப் புத்தகம் வையுங்கள். முன்பு நம் தெருவில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்திய தங்கச்சி இருக்கிறாளே, சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்து எப்படிச் சொல்லிக்கொடுத்தாள் என்று எல்லாருக்கும் தெரியும். அவளைக் கேளுங்கள். அவளுக்குக் கொடுக்க வேண்டியதை வெளியூரில் இருக்கிற நாங்கள் சேர்த்துத் தருகிறோம், எந்தப் பிள்ளை வீட்டிலும் கேட்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தம்பி, நான் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் உன் கோபம் புரிகிறது. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு வாரம் இரண்டு நாள் இங்கிலீஷ் வாசிப்பு என்றால் எனக்கு முழுச் சம்மதம். தமிழில் இன்னும் எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்கு வேண்டாம். ‘ற’வும் ‘ர’வும் குழம்பி நிற்கிற நேரத்தில் இன்னொரு எழுத்து வரிசையையும் வேகமாகத் திணித்தால் இரண்டிலும் பயம்தான் வரும். அரும்பு நிலையில் இருப்பவர்களை இந்தப் பருவம் விட்டுவிடுங்கள்.

தீப்பெட்டி ஆபீஸ் அம்மா:

அப்படியென்றால் என் மகனுக்கு இல்லை. அவன் அரும்புதான், டீச்சரே சொன்னார். எந்தப் பிள்ளை பின்தங்கியிருக்கிறதோ அதற்கே இங்கிலீஷ் கிடையாது என்கிறீர்கள், படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் உண்டு. இது எந்த ஊர் நியாயம்?

கரிசக்காட்டு அப்பா:

இல்லாமல் இல்லை, இங்கிலீஷ் பாடம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இருக்கிறது, அது நிற்காது. வாசிப்பு நேரத்தில் மட்டும் முதலில் தமிழ். நேற்று உங்கள் மகன் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்த உரச்சாக்கைத் தடவித் தடவி ‘பொட்டாஷ்’ வரை வாசித்துவிட்டான், யாரும் சொல்லித்தரவில்லை. ‘ட்’டில் கொஞ்சம் நின்றான், மறுபடி முதலிலிருந்து வந்தான். வாயே திறக்க மாட்டான் என்றீர்கள், சத்தமாகத்தான் வாசித்தான். அவனுக்குத் தினமும் முக்கால் மணி நேரம் கிடைத்தால் அரும்பில் எவ்வளவு நாள் இருப்பான் என்று நினைக்கிறீர்கள்?

தீப்பெட்டி ஆபீஸ் அம்மா:

அவன் வாசித்ததை என்னிடம் சொல்லவே இல்லை.

சரி அண்ணே. வசூல் வேண்டாம், தெற்குத் தெரு விஷயம் நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள், அங்கே என் சித்தி வீடும் இருக்கிறது. ஆனால் நான் கேட்பது இதுதான், டிசம்பரில் இந்தப் பருவம் முடியும்போது எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருந்தது, எங்கே வந்திருக்கிறது என்று டீச்சர் கூட்டத்தில் ஒவ்வொரு அம்மாவிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மொட்டுக்கு வந்த பிள்ளைக்கு மறுநாளே இங்கிலீஷ் புத்தகமும் கொடுக்க வேண்டும், நான்காம் வகுப்பு வரட்டும் என்று இழுக்கக் கூடாது. இது நடக்கவில்லை என்றால் ஜூனில் நானும் வேனுக்குப் பணம் கட்டுவேன், அப்போது ஊர் ஸ்கூலைக் கைவிட்டுவிட்டாள் என்று யாரும் பேசக் கூடாது.

பழைய மாணவன்:

மொட்டுக்கு வந்ததும் கொடுக்கலாம் என்பதற்கு நானும் ஓட்டு போடுகிறேன், ஐயா ஒத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் கதைப் புத்தகம் ஒரு பெட்டி தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

அப்புறம் அந்த மேற்கு அறை. மனு மட்டும் போதாது, அக்டோபர் 2 கிராம சபை இருக்கிறது, தீர்மானமாக ஏற்றுங்கள். மழை பிடித்துவிட்டால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில்தான், அதில் எந்த மொழியும் வாசிக்க முடியாது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

மொட்டுக்குச் சம்மதம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், ஒன்று இரண்டுக்கு இல்லை, இதில் நான் இறங்க மாட்டேன். தீர்மானத்தை நான் எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட அம்மாக்களைக் கூட்டி வாருங்கள், ஆபீசில் அன்றைக்கு லீவுதானே.