மறுமொழி: சிமுலேஷன் – உருவகமா, வெள்ளோட்டமா, ஒத்திகையா?

> கப்பலைத் தண்ணீரில் விடும் முன் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதானே? 'கணினி வெள்ளோட்டம்' என்றே வைத்துவிடலாம்.

ஐயா, வணக்கம். தேருக்குச் சொல்வது கப்பலுக்கும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டி முடித்த கப்பலை ஒப்படைக்கும் முன் கடலில் ஓட்டிச் சோதிக்கிறார்களே, அந்த ஸீ ட்ரையலுக்குத்தான் இந்தச் சொல் வேண்டும். இரண்டுக்கும் வைத்தால் 'வெள்ளோட்டத்தில் கிடைத்த வேகம் வெள்ளோட்டத்தில் கிடைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டிருப்போம். உருவகப்படுத்தல் என்றால் என் வகுப்புப் பையன்கள் இலக்கணத்து உருவக அணியை நினைத்து 'முகமதி' என்று முணுமுணுக்கிறார்கள். பாவனையும் சரிவராது, ஈழத்து நண்பர்களுக்கு அது பயன்பாடு.

என் ஓட்டு 'ஒத்திகை'க்கு.

சேலத்துக்காரனுக்குக் கப்பல் எதற்கு என்று கேட்பீர்கள். போன ஞாயிறு ஏற்காடு ஏரியில் மிதிபடகு ஓட்டினோம். "எவ்ளோ மிதிச்சாலும் இதுக்கு மேல போகலையே சித்தப்பா" என்றாள் அண்ணன் மகள். எட்டிப் பார்த்தால் படகின் மொண்ணை மூக்குக்கு முன்னால் தண்ணீர் மேடு கட்டி நிற்கிறது, மிதிக்கிற பலத்தில் பாதி அந்த அலையை எழுப்பவே போகிறது போல. கப்பலுக்கும் இதே தொல்லைதான். வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் 1870களில் இங்கிலாந்தின் டார்க்கியில் நீண்ட தொட்டி கட்டி, மெழுகில் சின்னக் கப்பல் செய்து இழுத்துப் பார்த்தார். அதில் சிக்கல் என்னவென்றால், அலைத்தடையை மாதிரியிலிருந்து பெரிய கப்பலுக்குக் கணக்குப் போட்டு மாற்றலாம், நீர் உராய்வு அதே கணக்குக்கு வராது, அதைத் தனியே கூட்ட வேண்டும். கணினியிலோ முழு அளவுக் கப்பலையே இறக்கலாம், சுற்றியுள்ள தண்ணீரை லட்சக்கணக்கான துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் அழுத்தமும் வேகமும் பார்க்கலாம். கப்பல் மூக்கில் நீருக்கடியில் புடைத்திருக்கும் குமிழைக் கொஞ்சம் நீட்டு, மறுபடி ஓட்டு, சரக்கைக் குறை, மறுபடி ஓட்டு. ஒரே வேகத்துக்கென்று செதுக்கிய குமிழ், எரிபொருளை மிச்சம் பிடிக்க மெதுவாகப் போகும்போது தடையாகிவிடும், அதனால்தான் இத்தனை தடவை. இந்த 'மறுபடி'க்குத் தமிழில் ஒத்திகையை விட்டால் வேறு என்ன பெயர்?

நாடக வாசனை அடிக்கிறது என்றார் சங்ககிரி நண்பர். அடிக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் தீயணைப்புத் துறையினர் ஏரியில் நடத்துவதையும் மீட்பு ஒத்திகை என்றுதான் பேப்பரில் போடுகிறார்கள், அங்கே யாரும் நிஜமாக மூழ்குவதில்லையே.

முக்கியமாக, வாக்கியத்தில் மடங்குகிறது: ஒத்திகை பார்த்தோம், பாய்ம (நீர், காற்று போலப் பாய்பவற்றின்) ஒத்திகை, ஒத்திகைத் தரவு. மாலுமிகள் பழகும் சிமுலேட்டர் அறை ஒத்திகைக்கூடம். 'உருவகப்படுத்தப்பட்ட தரவு' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

அப்புறம், தண்ணீரைத் துண்டு போடும் அந்த மெஷ்ஷுக்கு 'வலை' என்றால் நெட்வொர்க்கோடு மோதும். 'கண்ணி' சரியா? வலை பின்னுகிற ஊர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.