தலையை வெடுக்கென்று திருப்பியபோது கண் என்ன செய்தது? பார்த்ததைப் பகிருங்கள்

உள்காது_டூட்டி:
இருபது மணி நேரமாக நிற்காத தலைசுற்றல், வாந்தி, நிஸ்டாக்மஸ் (கண் தானாகத் துடித்தாடுவது). மூளை சிடி ஸ்கேன் சுத்தம். காது நரம்பு அழற்சி என்று எழுதி முடித்த கேஸ். எதிரே இருப்பவர் மூக்கையே பார்க்கச் சொல்லித் தலையைத் திருப்பினால், இரண்டு பக்கமும் கண் மூக்கை விட்டு அசையவே இல்லை. கூட நின்றவர் "நார்மல், நல்லதுதானே" என்றார். அந்தச் சொல்தான் இன்னும் உறுத்துகிறது. நரம்பு கெட்டிருந்தால் அந்தப் பக்கம் திருப்பும்போது கண் தலையோடு போய், பிறகு ஒரு தாவலில் மூக்குக்குத் திரும்பும். இங்கே காதிலிருந்து கண்ணுக்குப் போகும் அனிச்சைப் பாதை பழுதில்லை, ஆனால் உலகம் சுற்றுகிறது. அப்படியானால் கோளாறு மேலே, மூளையில். முதல் நாள் எம்ஆர்ஐயும் சுத்தம். மூன்றாம் நாள் எடுத்ததில் சிறுமூளை ஸ்ட்ரோக்.

கழுத்து_பிசியோ:
டாக்டர், வேகத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. மெதுவாகத் திருப்பினால் காது செத்தவருக்கும் நார்மல் மாதிரிதான் தெரியும். உள்காது அனிச்சை 10 மில்லி செகண்டுக்குள் கண்ணை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும்; வழியில் மூன்றே நியூரான்கள். பார்வையால் பின்தொடர்வதற்கு 100 மில்லி செகண்ட் ஆகும். மெதுவான திருப்பலில் அதுவே ஈடுகட்டிவிடும். 1988இல் ஹல்மாகியும் கர்தாய்ஸும் இந்தச் சோதனையை விவரித்தபோதே வேகம்தான் உயிர். கோணம் 10 முதல் 20 டிகிரி போதும், அதற்கு மேல் கழுத்துக்கு ஆகாது. எந்தப் பக்கம் என்று நோயாளி ஊகிக்கக் கூடாது. கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் முதலில் கேளுங்கள். இன்னொன்று: படுக்கையில் புரண்டால் மட்டும் அரை நிமிடம் சுற்றுகிறவரிடம் இதைச் செய்துவிட்டு "நார்மல், ஸ்ட்ரோக்" என்று பயமுறுத்தாதீர்கள். விடாமல் சுற்றும்போது, நிஸ்டாக்மஸ் இருக்கும்போது மட்டுமே நார்மல் என்பது ஆபத்து. தாவல் தெரிந்தாலும் முழு நிம்மதி கிடையாது. கூடவே புதிதாகக் காது கேட்காமல் போனால் அதுவும் ஸ்ட்ரோக்காக இருக்கலாம்.

ஆடியோ_அறை:
இங்கே யாரும் இரண்டு பக்கமும் உள்காதின் சமநிலைப் பகுதி போனதைப் பேசவில்லை. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் போட்டு வந்தவர், கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்த அளவு) ஏறியிருந்தது. சுற்றல் இல்லை, நிஸ்டாக்மஸ் இல்லை, ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) நார்மல். அதனால்தான் யாரும் காதைச் சந்தேகிக்கவில்லை. "நின்றால் பஸ் போர்டு படிக்க முடிகிறது, நடந்தால் எழுத்து குதிக்கிறது" என்றார். தலையை நொடிக்கு இரண்டு முறை ஆட்டிக்கொண்டே பார்வைப் பலகையைப் படிக்கச் சொன்னதும் நாலு வரி போய்விட்டது. அந்த மருந்து கேட்கும் பகுதியை விடச் சமநிலைப் பகுதியைத்தான் முதலில் தின்னும்.

கேமரா_கண்ணாடி:
கழுத்து_பிசியோ சொன்னது சரி, ஆனால் எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் வெறுங்கண் ஏமாறும். தலை நிற்பதற்குள்ளேயே தாவல் முடிந்துவிட்டால் தெரியாது. கண் அசைவைப் படம்பிடிக்கும் வீடியோ கண்ணாடி வேண்டும். அதிலும் ஒரு வலை. ஒருவருக்கு இரண்டு பக்கமும் கெயின் (தலை வேகத்துக்குக் கண் வேகத்தின் விகிதம், 1 என்றால் சமம்) 1.3 வந்தது. கண் தலையை விட வேகமாக ஓடுமா? பட்டை தளர்ந்து கண்ணாடி தோலின் மேல் வழுக்கியிருந்தது. பட்டையை இறுக்கி, கேலிப்ரேஷனைத் திரும்பச் செய்து எடுத்தபோது வலது 0.95, இடது 0.5.