ஸ்வேக்கு மாறியபின் நான்கு சிக்கல்: தாண்டாத மவுஸ், மங்கல் எழுத்து, கறுப்புத் திரை, ஓடாத தமிழ்99

ஓட்டுவீடு (கேள்வி)

லினக்ஸின் பழைய எக்ஸ் காட்சி அமைப்பில் ஓடும் ஐ3 (ஜன்னல் அடுக்கும் நிரல்) + பிகாம் (காமர்ஸ் இல்லை, கம்பாசிட்டர்: ஜன்னல்களைத் திரையில் சேர்த்து வரையும் நிரல்) கூட்டணியிலிருந்து, புது வேலேண்ட் அமைப்பில் ஓடும் ஸ்வேக்கு மாறியிருக்கேன். மன்ற வழக்கப்படி கட்டளைகளை ஒலிபெயர்த்தே எழுதுறேன்.

லேப்டாப் திரை 15.6 அங்குலம், 3840×2160. எச்டிஎம்ஐயில் 24 அங்குல மானிட்டர், 1920×1080, வலது பக்கம். கிராபிக்ஸ் ஏஎம்டி. ஆர்ச் லினக்ஸ். லாகின் மேனேஜர் கிடையாது, டிடிஒய் 1-இல் (வெறும் எழுத்துத் திரை) லாகின் பண்ணி நேரா ஸ்வே.

மாறினதுக்குக் காரணம் ரெண்டு. எக்ஸில் வெளி மானிட்டரில் வீடியோ குறுக்கே கிழிஞ்சுது. ரெண்டு திரைக்கும் தனித்தனி ஸ்கேல் (உருப்பெருக்கம்) வைக்கவும் முடியல. இப்போ அது ரெண்டும் சரி, ஆனா புதுசா நாலு:

1. மவுஸ் லேப்டாப் திரையின் வலது ஓரத்தில் முட்டி நிக்குது, மானிட்டருக்குப் போகாது. கன்ஃபிக்கில் இருப்பது: அவுட்புட் இ-டிபி-1 ஸ்கேல் 2 பொசிஷன் 0 0, அவுட்புட் எச்டிஎம்ஐ-ஏ-1 பொசிஷன் 3840 0.
2. குரோமியமும் கோடு எடிட்டரும் லேப்டாப் திரையில் எண்ணெய்த்தாள் வழியா பார்க்கிற மாதிரி மங்கல். டெர்மினல் கூர்மையா இருக்கு.
3. மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்தா எதிர்ப்பக்கம் வெறும் கறுப்பு.
4. எக்ஸ்கேபியில் (விசைப்பலகைத் தளவமைப்பை வைக்கும் இடம்) தமிழ்நெட்99 வேரியன்ட் போட்டேன். எழுத்து வருது, ஆனா தமிழ்99 மாதிரி நடக்கல. "அம்மா" அடிச்சா புள்ளி தானா விழல.

கோணல்மானி

முதல் சிக்கல் வெறும் கணக்கு. எக்ஸ்ரேண்டரில் (எக்ஸின் திரை அமைப்புக் கருவி) திரைகளை உண்மையான பிக்சலில் அடுக்கிப் பழகியவர்கள் எல்லோரும் விழும் குழி இது. ஸ்வே திரைகளை அடுக்குவது ஸ்கேலுக்குப் பிறகான அளவில். 3840-ஐ 2-ஆல் வகுத்தால் 1920. அதாவது உங்கள் லேப்டாப் திரை 0 முதல் 1920 வரைதான் நீள்கிறது. மானிட்டரை 3840-இல் வைத்ததால் நடுவில் 1920 அகலத்துக்குப் பொட்டல் வெளி. கர்சர் திரை இல்லாத இடத்துக்குப் போகப் பார்த்தால் ஸ்வே அதை அருகிலுள்ள திரையின் ஓரத்துக்கே இழுத்துவிடும். அதுதான் நீங்கள் பார்க்கும் சுவர்.

பொசிஷன் 1920 0 என்று மாற்றி, மாட் (ஸ்வேயின் முதன்மை விசை) + ஷிஃப்ட் + சி அழுத்தி ரீலோட் செய்யுங்கள். ஸ்வேமெசேஜில் (ஸ்வேக்குக் கட்டளை அனுப்பும் நிரல்) மைனஸ் டி கெட்-அவுட்புட்ஸ் கொடுத்தால் ஒவ்வொரு திரையின் பொசிஷனும் ஸ்கேலும் வரும். இடது திரையின் வலது விளிம்பும் வலது திரையின் எக்ஸ் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பின்னால் ஸ்கேலை 1.5 ஆக்கினால் இந்த எண்ணையும் கையோடு மாற்றுங்கள். அப்போது லேப்டாப் 2560×1440 ஆகிவிடும், மானிட்டர் 2560-இல் தொடங்க வேண்டும். உயரமும் கவனம்: ஒன்று 1440, மற்றது 1080. இரண்டுக்கும் ஒய் மதிப்பு 0 என்றால் லேப்டாப்பின் கீழ் 360 வரிசையில் மறுபடி சுவர் முளைக்கும். கீழ் விளிம்புகள் நேராக இருக்க மானிட்டருக்கு 2560 360 கொடுங்கள்.

எச்டிஎம்ஐ-ஏ-1 என்ற பெயரை நம்பவும் வேண்டாம். டாக் (கூடுதல் துளைகள் தரும் பெட்டி) வழியாகச் செருகினால் பெயர் மாறும். கெட்-அவுட்புட்ஸில் வரும் தயாரிப்பாளர், மாடல், சீரியல் மூன்றையும் சேர்த்து மேற்கோள்குறிக்குள் எழுதினால் எந்தத் துளையில் செருகினாலும் அதே அமைப்பு கிடைக்கும்.

ஆந்தைக்கண்

ரெண்டாவதுக்கு வர்றேன். மங்கலா இருக்கிறதெல்லாம் எக்ஸ்வேலேண்ட் (எக்ஸுக்கு எழுதின நிரல்களை வேலேண்டில் ஓட்டும் பாலம்) வழியா ஓடுது. அந்த அப்ளிகேஷன்கள் ஸ்கேல் 1-இல் வரைஞ்சு கொடுக்கும், ஸ்வே அதை ரெண்டு மடங்கா இழுக்கும். ஒரு பிக்சல் நாலாகுது, எழுத்து நனைஞ்ச தாள் மாதிரி ஆகுது. டெர்மினல் (ஃபுட்தானே?) நேரடி வேலேண்ட், அதனால கூர்மை.

எது எந்தப் பக்கம்னு பார்க்க எக்ஸ்-ஐஸ் ஓட்டுங்க. அந்த ரெண்டு கண்ணும் எக்ஸ் ஜன்னல் மேல மவுஸ் போனா மட்டும்தான் உருளும். வேலேண்ட் ஜன்னல் மேல போனா அப்படியே உறைஞ்சு நிக்கும். குரோமியம் மேல ஓட்டினதும் கண் உருண்டா அது எக்ஸ்தான். இன்னும் துல்லியம் வேணும்னா ஸ்வேமெசேஜின் கெட்-ட்ரீயில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஷெல் என்ற புலம் இருக்கு: எக்ஸ்டிஜி-ஷெல்னா வேலேண்ட், எக்ஸ்வேலேண்ட்னா எக்ஸ்.

தீர்வு: குரோமியத்துக்கும் எலெக்ட்ரான் (குரோமியத்தை அடிப்படையா வச்சுக் கட்டின) எடிட்டருக்கும் தொடக்கக் கட்டளையில் ஓசோன்-பிளாட்ஃபார்ம் = வேலேண்ட் கொடியை (ஃப்ளாக்) சேருங்க. ஃபயர்ஃபாக்ஸ் 121-ஆம் பதிப்பிலிருந்து தானே வேலேண்டில் வரும், ஒண்ணும் பண்ண வேண்டாம். க்யூடி (ஜன்னல், பொத்தான் வரையும் நூலகம்) அப்ளிகேஷனுக்கு, பழைய க்யூடி பதிப்புன்னா க்யூடி-வேலேண்ட் பேக்கேஜ் தனியா நிறுவணும்; அது இல்லாம எக்ஸுக்கே திரும்பிடும். அதே மாதிரி நூலகமான ஜிடிகேவுக்கு ஜிடிகே-பேக்கெண்ட் (GDK_BACKEND) மாறியை வேலேண்ட்னு வச்சுடுங்க.

ஸ்வே கன்ஃபிக்கில் "செட்" போட்டு சூழல் மாறி வைக்கப் பார்க்காதீங்க. அது ஸ்வேயின் சொந்த மாறிக்கு மட்டும். டிடிஒய்யிலிருந்து தொடங்குறீங்க, அதனால லாகின் ஷெல்லின் ப்ரொஃபைல் கோப்பில், ஸ்வேயைக் கூப்பிடும் வரிக்கு மேல எக்ஸ்போர்ட் பண்ணுங்க. பண்ணிட்டு லாக்அவுட் ஆகி வரணும், ரீலோட் போதாது.

கோணல்மானி

ஆந்தை, ஜிடிகே-பேக்கெண்ட் மட்டும் வேண்டாம். வேலேண்ட் அமர்வில் ஜிடிகே 3, 4 இரண்டும் தாமாகவே வேலேண்டைத்தான் முதலில் தேடும். நாமே ஊர் முழுக்க அந்த மாறியை வைத்தால் எக்ஸை மட்டுமே நம்பிக் கட்டப்பட்ட சில அப்ளிகேஷன்கள் ஜன்னலே திறக்காமல் மடங்கிவிடும்.

ஓட்டுவீடு

மவுஸ் தாண்டுது, குரோமியம் கண்ணாடி மாதிரி. பகிர்வு மட்டும் இன்னும் மாறல. திரைப்படத்தைக் கடத்தும் பைப்வயர், அதன் மேலாளர் வயர்பிளம்பர், அப்ளிகேஷனுக்குத் திரையைப் பிடிச்சுத் தரும் எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல், அதோட ஜிடிகே, டபிள்யூஎல்ஆர் பின்தளங்கள் ரெண்டும் இருக்கு. டபிள்யூஎல்ஆர் சர்வீஸின் நிலையைப் பார்த்தா தொடங்கின உடனே தோற்றுப் போயிருக்கு. வேலேண்ட் டிஸ்ப்ளேயோட இணைய முடியலன்னு லாகில் வரி.

சத்திரக்காரன்

கறுப்புத் திரைக்கு இரண்டு அடுக்கு இருந்தது. குரோமியம் எக்ஸ்வேலேண்டில் ஓடியவரை அது பிடித்தது எக்ஸின் வேர் ஜன்னலை (எல்லா ஜன்னலுக்கும் அடியில் உள்ளது); அங்கே ஒன்றும் வரையப்படுவதில்லை. அது தீர்ந்தது. மிச்சம், லாகில் நீங்களே கண்ட வரி.

போர்ட்டலைத் தொடங்குவது ஸ்வே இல்லை, சிஸ்டம்டியின் (சர்வீஸ்களைத் தொடங்கும் நிரல்) பயனர் மேலாளர். அது நீங்கள் லாகின் செய்த கணமே எழுந்துவிடுகிறது. ஸ்வே பிறந்த பிறகு உருவாகும் வேலேண்ட்-டிஸ்ப்ளே மாறி அதற்குத் தெரியாது. வாசலில் நிற்பவனுக்கு வீட்டு எண் சொல்லாத கதை. ஸ்வே கன்ஃபிக்கின் கடைசியில் இந்த எக்ஸெக் வரி வேண்டும்: டிபஸ்-அப்டேட்-ஆக்டிவேஷன்-என்விரான்மென்ட், இரட்டை மைனஸ் சிஸ்டம்டி, பிறகு வேலேண்ட்-டிஸ்ப்ளே, எக்ஸ்டிஜி-கரண்ட்-டெஸ்க்டாப் = ஸ்வே. இரண்டாவதும் முக்கியம். ஜிடிகே பின்தளம் கோப்புத் தேர்வுப் பெட்டி போன்றவற்றுக்கு. திரைப்பிடிப்பு அதற்கு வராது. டெஸ்க்டாப்பின் பெயர் காலியாக இருந்தால் போர்ட்டலுக்கு டபிள்யூஎல்ஆரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது.

மறு லாகின் செய்யாமல் சோதிக்க, அதே கட்டளையை டெர்மினலில் ஓட்டிவிட்டு, டபிள்யூஎல்ஆர் சர்வீஸையும் முதன்மைப் போர்ட்டலையும் இந்த வரிசையிலேயே மறுதொடக்கம் செய்யுங்கள். குரோமியத்தையும் முழுக்க மூடித் திறங்கள்.

பகிர்வை அழுத்தியதும் பெட்டி எதுவும் வராது, கர்சர் கூட்டல்குறியாக மாறும். தொங்கிவிட்டது என்று நினைத்துப் பலர் இங்கேதான் எஸ்கேப் அடிக்கிறார்கள். அது ஸ்லர்ப் நிரல், எந்தத் திரை என்று கேட்கிறது. பகிர வேண்டிய திரைமேல் ஒரு க்ளிக் போதும். ஸ்லர்ப், வோஃபி போன்ற தேர்வு நிரல் ஒன்றுகூட இல்லாவிட்டால் போர்ட்டல் ஏதோ ஒரு திரையைத் தானே எடுத்துக்கொள்ளும். இரண்டு திரை வைத்திருப்பவருக்கு அது விபரீதம், ஸ்லர்ப்பை நிறுவிவிடுங்கள்.

புள்ளிக்கோடு

தமிழ்99-க்கு எக்ஸ்கேபி சரிப்பட்டு வராது, ப்ரோ. எக்ஸ்கேபி ஒரு விசைக்கு ஒரு குறி கொடுக்கும், முன்னாடி என்ன எழுத்து அடிச்சீங்கன்னு அதுக்கு ஞாபகம் இல்ல. தமிழ்99-இன் உயிரே அந்த ஞாபகத்தில்தான் இருக்கு. அ, ம, ம, ஆ விசைகளை வரிசையா அடிச்சா, ரெண்டாவது ம விழுந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி ஏறணும், ஆ விழுந்ததும் அது காலாக மாறி ஒட்டணும். இதுக்கு உள்ளீட்டு நிரல் கட்டாயம்.

ஃபெசிடிஎக்ஸ்5 (உள்ளீட்டு நிரல்), அதோட எம்17என் (பல மொழி விசைமுறைத் தரவு) இணைப்பு, அமைப்புக் கருவி மூணையும் நிறுவுங்க. எம்17என் தரவில் தமிழ்99 ஏற்கெனவே இருக்கு. ஸ்வே கன்ஃபிக்கில் எக்ஸெக் ஃபெசிடிஎக்ஸ்5 மைனஸ் டி. அமைப்புக் கருவியில் இடப்பக்கம் ஆங்கில விசைப்பலகை முதலாவதாவும் தமிழ்99 அடுத்ததாவும் இருக்கட்டும். கண்ட்ரோல் + ஸ்பேஸ் மாற்றும். இன்புட் வரியில் போட்ட தமிழ்நெட்99 வேரியன்டை எடுத்துடுங்க, இல்லன்னா ரெண்டு தளவமைப்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கந்தரகோளம் ஆகும்.

மாறிகளில் பழைய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றாதீங்க. ஜிடிகே-ஐஎம்-மாட்யூலை வைக்க வேண்டாம்: ஸ்வே டெக்ஸ்ட்-இன்புட் 3-ஆம் பதிப்பு நெறிமுறையைப் பேசும், ஜிடிகேவும் பேசும், நேராவே நடக்கும். எக்ஸ்வேலேண்டில் மிச்சமிருக்கிறதுக்கு எக்ஸ்மாடிஃபையர்ஸ் = அட்-ஐஎம் = ஃபெசிடிஎக்ஸ், க்யூடிக்கு க்யூடி-ஐஎம்-மாட்யூல் = ஃபெசிடிஎக்ஸ். குரோமியத்துக்கு ரெண்டு கொடி கூடுதல்: எனேபிள்-வேலேண்ட்-ஐஎம்இ, வேலேண்ட்-டெக்ஸ்ட்-இன்புட்-வெர்ஷன் = 3. ரெண்டாவதை விட்டா சில குரோமியம் பதிப்புகள் 1-ஆம் பதிப்பைத் தேடும், ஸ்வேயிடம் அது கிடையாது, ஆங்கிலம் மட்டுமே விழும்.

டெர்மினலில் தமிழ் தட்ட வரும், ஆனா கொம்பும் காலும் கட்டத்துக்குள் அடங்காம முட்டிக்கும். அது உள்ளீட்டுப் பிழை இல்ல, கட்டம் கட்டமா வரையும் எல்லா டெர்மினலுக்கும் உள்ள கோளாறு.

பழையதடம்

மாறித்தான் ஆக வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்காக இன்னொரு பக்கம். எக்ஸில் ஏஎம்டிக்குக் கிழிசலை நிறுத்த பிகாமை நம்ப வேண்டியதில்லை. எக்ஸ்ஆர்க்-கான்ஃப்-டி அடைவில் ஒரு கோப்பு போதும்: டிவைஸ் பகுதியில் டிரைவர் ஏஎம்டிஜிபியு, ஆப்ஷன் டியர்-ஃப்ரீ ட்ரூ. பிகாமின் விசிங்க்கை (திரையின் வேகத்தோடு ஒத்திசைப்பது) அணைத்துவிடுங்கள்; இரண்டும் இருந்தால் தாமதம்தான் கூடும்.

ஆனால் ஸ்கேல் விஷயத்தில் எக்ஸுக்கு வாதாட வழியில்லை. எக்ஸ்ரேண்டரில் மானிட்டருக்கு 2×2 ஸ்கேல் கொடுத்து ஏமாற்றலாம். அப்போது மொத்தப் பரப்பு 7680×2160, ஏறத்தாழ 1.66 கோடி பிக்சல். கண்ணெதிரே இருப்பது 1.04 கோடிதான். மிச்சத்தை வரைந்து, பிறகு சுருக்கி எறிகிறது கிராபிக்ஸ். மானிட்டர் எழுத்தும் கொஞ்சம் குழையும், பேட்டரியும் போகும்.

ஓட்டுவீடு

பகிர்வு வந்தாச்சு. கூட்டல்குறியைப் பார்த்து நானும் எஸ்கேப்தான் அடிச்சிருக்கேன்! தமிழ்99 குரோமியத்தில் கச்சிதம். ஒண்ணே ஒண்ணு: ஒரு ஜாவா ஐடிஇ (நிரல் எழுதும் செயலி) இன்னும் எக்ஸ்வேலேண்டில்தான். மங்கலை விடுங்க, சில சமயம் ஜன்னலே சாம்பல் நிறத்தில் காலியா வருது.

கோணல்மானி

சாம்பல் ஜன்னலுக்கு: அடிக்கோடு-ஜாவா-ஏடபிள்யூடி-டபிள்யூஎம்-நான்ரீபேரன்டிங் = 1, அதே ப்ரொஃபைல் கோப்பில். முன்னால் உள்ள அடிக்கோட்டை விட்டுவிடாதீர்கள். மங்கலுக்கு ஸ்வேயில் வழி கிடையாது. எக்ஸ் அப்ளிகேஷன்களே தங்களைப் பெரிதாக்கிக்கொள்ளட்டும் என்று விடும் வசதி கேடிஇ பிளாஸ்மாவிலும் ஹைப்பர்லேண்டிலும் உண்டு, ஸ்வேயில் இல்லை. ஸ்கேல் 1 இருக்கும் மானிட்டரில் அது கூர்மையாகவே தெரியும். அசைன் வரியில் ஐடிஇயின் கிளாஸை (ஜன்னலின் வகைப்பெயர்) கொடுத்து ஒரு வொர்க்ஸ்பேஸுக்குக் கட்டி, அந்த வொர்க்ஸ்பேஸை எச்டிஎம்ஐ திரைக்குக் கட்டிவிடுங்கள்.